அக்கா மகன் ஷூவைக் கழற்றாமல் தூங்குகிறான், என்ன செய்வது?

இரவுப்பறவை:

கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். யாரிடமாவது கொட்டிவிட வேண்டும் போல இருக்கிறது. அதைவிட எனக்கு ஒரு வழி தெரிய வேண்டும்.

என் அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்வதை நிறுத்திவிட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், போக வர, காத்திருக்க என்று சேர்த்தால் அன்றைய நாளே போய்விடும், மறுநாள் பாதி உடம்பு அசதியில் போய்விடும். வேலைக்குப் போக முடியவில்லை. அத்தான் இவர்களோடு இல்லை, அது வேறு கதை, இங்கே வேண்டாம். வாடகை நின்றுபோனதும் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அதற்கப்புறம் எட்டு மாதத்தில் ஐந்து இடம் மாறியாகிவிட்டது. தெரிந்தவர் வீட்டு மாடி அறை, அக்காவின் தோழி வீட்டு ஹால், நடுவில் பதினோரு நாள் ஒரு காப்பகம், இப்படியே போய் இப்போது தூரத்து உறவில் ஒருவர் வீட்டில் ஒண்டியிருக்கிறார்கள். நானிருப்பது வேறு ஊர். ஒரே அறை, அதையும் இன்னொரு பெண்ணோடு பகிர்ந்துகொள்கிறேன். அக்காவைக் கூட்டிவந்தால் இங்கே டயாலிசிஸுக்கு இடம் கிடைக்கிற வரை என்ன செய்வது என்று தெரியவில்லை, ஒரு வாரம்கூடத் தள்ளிப்போட முடியாத விஷயம் அது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அக்கா மகனுக்கு ஒன்பது வயது. போன வாரம் இரண்டு நாள் அவர்களோடு போய்த் தங்கினேன். இரவு படுக்கும்போது பார்க்கிறேன், ஷூவோடு படுத்திருக்கிறான். தூங்கிவிட்டானே என்று மெதுவாகக் கழற்றப் போனால் சட்டென்று காலை இழுத்துக்கொண்டு, "வேண்டாம் சித்தி, இருக்கட்டும்" என்கிறான். அக்காவைக் கேட்டதற்குத்தான் காரணம் தெரிந்தது. மூன்றாவதாக இருந்த இடத்தில் ஏதோ வாக்குவாதமாகி ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்ப வேண்டியிருந்திருக்கிறது. இருட்டில் இவனுடைய ஒரு ஷூ கிடைக்கவில்லை. இரண்டு வாரம் செருப்போடு பள்ளிக்குப் போயிருக்கிறான், தினமும் வரிசையிலிருந்து தனியாக நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று இருக்கிறது, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. நடுராத்திரியில் எழுந்து அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவளுடைய இடது கையில் டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்டிருக்கிற இடத்தில் இரண்டு விரலை வைத்தான். கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டான். அன்று ராத்திரி மட்டும் மூன்று தடவை. காலையில் கேட்டால், "அதிர்வு இருக்கான்னு பாக்கணும் சித்தி, நின்னுட்டா உடனே சொல்லணும்னு நர்ஸ் சொன்னாங்க" என்கிறான். அம்மாவின் மருத்துவக் கோப்பை அவன்தான் பள்ளிப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறான், எங்கேயும் விட்டுவிட்டு வந்துவிடக் கூடாதாம். அம்மா எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று ஒரு பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறான்.

பள்ளியிலிருந்து வந்த குறிப்பில் "கவனமின்மை, வீட்டுப்பாடம் செய்வதில்லை" என்று எழுதியிருக்கிறார்கள். எந்த வீட்டில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்வான்?

அவனை மட்டும் என்னோடு கூட்டிவந்துவிடலாமா என்று யோசிக்கிறேன். அக்காவும் சரி என்கிறாள், ஆனால் சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவனிடம் இன்னும் கேட்கவில்லை. இதை அனுபவித்தவர்கள், தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

நேர்ப்பேச்சு:

கூட்டிவந்துவிடுங்கள். யோசிக்கவே வேண்டாம். ஒன்பது வயதுப் பையன் பார்க்க வேண்டியதா இதெல்லாம்? குழந்தைக்கு நேரத்துக்குச் சாப்பாடு, ஒரு படுக்கை, நிம்மதியான தூக்கம், இதற்கு மேல்தான் மற்றதெல்லாம். அம்மாவின் நோயைப் பற்றி அவன் முன்னால் பேசாதீர்கள், அந்த நர்ஸ் அவனிடம் அப்படிச் சொல்லியிருக்கவே கூடாது. நான்கு மாதம் உங்களோடு இருந்தால் எல்லாம் மறந்து மற்றப் பிள்ளைகள் போல ஆகிவிடுவான். குழந்தை மனசு சீக்கிரம் ஆறிவிடும்.

பழையசாவி:

மேலே எழுதியவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார், சந்தேகமில்லை. ஆனால் அப்படி அனுப்பிவைக்கப்பட்ட பிள்ளை நான், அதனால் எழுதியே ஆக வேண்டும்.

எனக்குப் பதினொரு வயதில் எங்கள் வீடு போனது. அப்பாவுக்கு மனநோய், காதில் குரல்கள் கேட்கும், ஒரு வேலையில் நிலைக்க மாட்டார். நாங்கள் இருவரும் கொஞ்ச நாள் ஒரு கடையின் மாடிப்படிக்குக் கீழேகூடப் படுத்திருக்கிறோம். அப்பா மாத்திரை போட்டாரா என்று பார்ப்பது என் வேலை. அவர் வாயில் வைத்துக்கொண்டு துப்பிவிடுவார், அதனால் பேச்சுக் கொடுத்துப் பார்ப்பேன், பேச்சு தெளிவாக வந்தால் விழுங்கிவிட்டார் என்று அர்த்தம். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நானே கண்டுபிடித்தது.

அப்புறம் உறவினர் ஒருவர் வந்து என்னை மட்டும் கூட்டிப்போனார். அங்கே கட்டில் இருந்தது, மெத்தை இருந்தது, தனித் தட்டு இருந்தது. தூக்கம்தான் இல்லை. படுத்தால் ஒரே எண்ணம், இன்றைக்கு மாத்திரையை யார் பார்த்திருப்பார்கள்? அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது என்னிடம் யாரும் சொல்லவில்லை. பத்தொன்பது நாள். ஆனால் எனக்குத் தெரியும், ஏதோ நடந்துவிட்டது என்று முதல் நாளே தெரியும். நான் அறைக்குள் நுழைந்தால் பெரியவர்கள் பேச்சை நிறுத்தினார்கள், எனக்குத் திடீரென்று புதுச் சட்டை வாங்கித்தந்தார்கள். அவர் இறந்துவிட்டார் என்றே முடிவு செய்துவிட்டேன். பத்தொன்பது நாள் அப்படியே பள்ளிக்குப் போய் வந்தேன். உண்மையைச் சொல்லியிருந்தால், "ஆஸ்பத்திரியில் இருக்கிறார், மருந்து கொடுக்கிறார்கள்" என்று அந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால், நான் தூங்கியிருப்பேன்.

உங்கள் அக்கா மகனைப் பார்த்து "பாவம், பயந்துபோயிருக்கிறான்" என்று எல்லாரும் சொல்வார்கள். அவன் பயத்தில் அதைச் செய்யவில்லை. அது அவன் வேலை, காவல் வேலை. ஷூ, கோப்பு, பாட்டில் கோடு, அந்த இரண்டு விரல் எல்லாம் அவன் நிற்கிற காவல். காவலுக்கு மாற்று ஆள் வராமல் காவல்காரனை வீட்டுக்குப் போ, தூங்கு என்றால் எப்படிப் போவான்? வலுக்கட்டாயமாக இழுத்துப்போனாலும் மனசு அங்கேயே நிற்கும்.

அதனால் கூட்டிப்போவதா வேண்டாமா என்பதைக் கொஞ்சம் ஒதுக்கிவையுங்கள். அவன் எதையெல்லாம் காவல் காக்கிறான் என்று முதலில் பாருங்கள். அதில் எதை உங்கள் கையில் வாங்கிக்கொள்ள முடியும் என்று பாருங்கள். ஒவ்வொன்றாக, அவன் கண்ணெதிரே, அவனுக்கு நம்பிக்கை வருகிற மாதிரி வாங்க வேண்டும். ஷூவைக் கழற்றச் சொல்லாதீர்கள். அது கடைசியில் தானாகக் கழலும்.

வெள்ளைக்குடை:

நான் டயாலிசிஸ் பிரிவில் பதினான்கு வருடமாக நர்ஸாக இருக்கிறேன். அந்த இரண்டு விரலைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வேலைக்குப் போன பிறகும் அதுவே நினைவில் இருந்தது.

முதலில் ஒன்று, அவன் தெரிந்துவைத்திருப்பது சரி. ஃபிஸ்டுலா என்பது கையில் ரத்தக்குழாய் இரண்டை, ஒரு தமனியையும் ஒரு சிரையையும், இணைத்து வைத்திருப்பது. ரத்தம் வேகமாக ஓடுவதால் மேலே விரல் வைத்தால் மெல்லிய அதிர்வு தெரியும். அது நின்றுபோனால் உள்ளே ரத்தம் உறைந்து அடைத்திருக்கலாம், உடனே சொல்ல வேண்டும். அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, ஊசி குத்தக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, அந்தக் கை அழுந்துகிற மாதிரிப் படுக்கக் கூடாது. இதை எல்லா நோயாளிகளிடமும் சொல்வோம். சொல்லும்போது பக்கத்தில் ஒரு பிள்ளை நின்று கேட்டுக்கொண்டிருப்பதை நாங்கள் கவனிக்கத் தவறிவிடுகிறோம். அங்கே தப்பு எங்களுடையது. அந்த நர்ஸ் அவன் அம்மாவிடம் சொல்லியிருப்பார். "உடனே சொல்லணும்" என்ற சொல்லை அவன் தன் தலையில் ஏற்றிக்கொண்டான்.

அவனுக்குத் தெரியாதது என்ன தெரியுமா? அம்மாவே தன் மறு கையால் அதைப் பார்த்துக்கொள்ள முடியும். தினமும் காலையில் எழுந்ததும், இரவு படுக்கும் முன்பும் அவள் பார்த்தால் போதும். ராத்திரி முழுக்க ஒருவர் விழித்திருக்கத் தேவையில்லை. இதை நீங்கள் சொன்னால் "சித்தி சமாதானத்துக்குச் சொல்கிறாள்" என்று நினைப்பான். எந்த வாயிலிருந்து அந்த வேலை வந்ததோ அந்த வாயிலிருந்தே விடுதலையும் வர வேண்டும். ஒரு நாள் அவனைப் பிரிவுக்குக் கூட்டிப்போய், அங்கிருக்கிற நர்ஸ் ஒருவரிடம் முன்கூட்டியே பேசிவைத்து, அவரையே அவனிடம் நேராகச் சொல்லவையுங்கள். முடிந்தால் ஸ்டெதாஸ்கோப் வைத்து அந்த 'உஸ், உஸ்' சத்தத்தைக் கேட்கவைக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிடிக்கும். நோய் என்பது அவர்களுக்கு எப்போதும் இருட்டில் இருக்கிற ஒன்று, சத்தமாகக் கேட்டுவிட்டால் பாதி பயம் போய்விடும்.

இன்னும் மூன்று விஷயம் எல்லாப் பிள்ளைகள் மனதிலும் ஓடும், வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். நான் ஏதாவது செய்ததால் இப்படி ஆனதா? எனக்கும் வருமா, தொட்டால் ஒட்டுமா? அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்னை யார் பார்த்துக்கொள்வார்கள்? அவன் கேட்கும் வரை காத்திருக்காதீர்கள். நீங்களாகவே சொல்லிவிடுங்கள். "உன்னால் வந்தது இல்லை, நீ சேட்டை செய்ததால் வந்தது இல்லை. பக்கத்தில் படுத்தால் ஒட்டுகிற நோய் இல்லை." மூன்றாவது கேள்விக்கு உங்களிடம் நிஜமான பதில் இருக்க வேண்டும், அதைத் தயார் செய்துகொண்டு பேசுங்கள்.

அப்புறம் ஒரு நடைமுறை விஷயம். அக்கா ஒவ்வொரு முறை இடம் மாறும்போதும் டயாலிசிஸ் பிரிவில் முகவரியும் தொலைபேசி எண்ணும் சொல்லிவைக்க வேண்டும். வீடில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டுப் பழைய முகவரியையே விட்டுவிடுகிறவர்கள் நிறைய பேர். பல ஆஸ்பத்திரிகளில் சமூகப்பணியாளர் இருப்பார், அவரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். கேட்டால்தான் கிடைக்கும்.

இரவுப்பறவை:

இரண்டு பேருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. பழையசாவி, "காவல்" என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

ஒன்று கேட்க வேண்டும். அவன் திடீரென்று "அம்மா செத்துடுவாங்களா சித்தி" என்று கேட்டால் என்ன சொல்வது? இதற்கு முன் ஒரு தடவை கேட்டான். "சீ, அப்படியெல்லாம் பேசக் கூடாது" என்று அதட்டிவிட்டேன்.

வெள்ளைக்குடை:

அதட்டியதற்காக வருந்த வேண்டாம், எல்லாரும் அதைத்தான் செய்கிறோம். ஆனால் அவன் மறுபடி கேட்காமலே இருந்துவிடலாம், அதனால் நீங்களே அந்தப் பேச்சை எடுங்கள். "அன்றைக்கு நீ கேட்டாய், நான் கோபப்பட்டேன், அது தப்பு. நீ கேட்டது நல்ல கேள்வி" என்று தொடங்குங்கள். அப்புறம் உண்மையைச் சொல்லுங்கள். "அம்மாவுக்கு இருப்பது பெரிய நோய்தான். அந்த மெஷின் சிறுநீரகம் செய்ய வேண்டிய வேலையைச் செய்கிறது, அதனால்தான் வாரம் மூன்று முறை போகிறாள். ஒழுங்காகப் போனால் பல பேர் வருடக்கணக்கில் இருக்கிறார்கள். இப்போது டாக்டர்கள் அம்மா இறந்துவிடுவாள் என்று நினைக்கவில்லை. நிலைமை மாறினால் உனக்கு நான் சொல்வேன், மறைக்க மாட்டேன்." டாக்டரிடம் கேட்டுவிட்டு, அவர் சொல்வதற்கு ஏற்ற மாதிரி இதை மாற்றிக்கொள்ளுங்கள்.

"அம்மாவுக்கு ஒன்றும் ஆகாது" என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள். ஒருமுறை அவள் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் போதும், அதற்கப்புறம் நீங்கள் சொல்கிற எதையும் நம்ப மாட்டான்.

கரும்பலகை:

நான் ஆசிரியர். அந்தப் பள்ளிக் குறிப்பைப் படித்ததும் எனக்கே சுருக்கென்றது, ஏனென்றால் அப்படிப்பட்ட குறிப்பை நானும் எழுதியிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவி தினமும் முதல் பாடவேளையிலேயே தூங்கிவிழுவாள். எழுப்பி நிற்கவைத்தேன். ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அவர்கள் குடும்பம் படுத்திருந்த இடத்தில் விளக்கணைக்கவே நள்ளிரவு தாண்டிவிடுமாம். யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பள்ளியில் ஒரே ஒரு ஆளிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். எல்லா ஆசிரியருக்கும் தெரிய வேண்டியதில்லை, தெரிந்தால் பிள்ளைகள் வரை போய்விடும். யாரிடம் சொல்லலாம் என்று அவனையே கேளுங்கள், பிள்ளைகளுக்கு எந்த ஆசிரியர் எப்படி என்று நன்றாகத் தெரியும். கதை முழுவதையும் சொல்ல வேண்டாம். "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, நிலையான வீடு இப்போது இல்லை, இடம் மாறிக்கொண்டே இருக்கிறோம்" என்றால் போதும். அதன்பின் கேட்க வேண்டியதைக் குறிப்பாகக் கேளுங்கள். நோட்டுகளைப் பள்ளியிலேயே வைத்துக்கொள்ள ஒரு இடம், வீட்டுப்பாடத்தைப் பள்ளி விட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து முடித்துவிட அனுமதி, ஷூ, சீருடை விஷயத்தில் தனியாக நிறுத்தாமல் இருப்பது. டயாலிசிஸ் நாட்களில் மதியம் ஒரு முறை அம்மாவோடு ஒரு நிமிடம் பேச விட முடியுமா என்று கேளுங்கள். அந்த ஒரு நிமிடம் கிடைத்தால் மீதி நாள் முழுக்கப் பாடத்தைக் கவனிப்பான். கிடைக்காவிட்டால் உடம்பு வகுப்பில் இருக்கும், காது ஆஸ்பத்திரியில் இருக்கும்.

இன்னொன்று, முடிந்த வரை பள்ளியை மாற்றாதீர்கள். ஐந்து இடம் மாறியவனுக்குக் காலையில் எழுந்ததும் இன்றைக்கு எங்கே போக வேண்டும் என்று உறுதியாகத் தெரிகிற இடம் அது ஒன்றுதான். வகுப்பில் அவனுடைய பெஞ்ச் அதே இடத்தில் இருக்கும். நமக்கு இது சின்ன விஷயமாகப் படலாம்.

நேர்ப்பேச்சு:

பழையசாவி எழுதியதைப் படித்தேன். அவசரப்பட்டுவிட்டேன் என்று தோன்றுகிறது. மறைப்பது நல்லது என்று சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒண்டியிருக்கிற இடத்தில் யார் யார் இருக்கிறார்கள்? அக்கா டயாலிசிஸில் இருக்கிற நாட்களில் பள்ளி விட்டு வந்ததும் அவன் யாரோடு இருக்கிறான்? ராத்திரி அந்த அறையில் வேறு யார் படுக்கிறார்கள்? அம்மாவோடு இருப்பதுதான் நல்லது என்று நாம் பேசிக்கொண்டிருக்கும்போது இதைக் கேட்காமல் விட்டுவிடக் கூடாது. கடன்பட்டு ஒண்டியிருக்கிற குடும்பம் எதையும் வெளியே சொல்லாது, பிள்ளையும் சொல்ல மாட்டான். தான் சொன்னால் அம்மாவுக்கு இருக்கிற இடமும் போய்விடும் என்று வாயை மூடிக்கொள்வான்.

ஆற்றோரம்:

நேர்ப்பேச்சு கடைசியாகக் கேட்டதுதான் இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி. காப்பகங்களில் குடும்பங்களோடு பல வருடம் வேலை பார்த்திருக்கிறேன், அவர் சொன்ன அந்தக் காரணத்துக்காகவே வாய் திறக்காத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இரவுப்பறவை, அவனைத் தனியாக வைத்து, அவசரமில்லாமல் கேளுங்கள். "அங்கே உனக்குப் பிடிக்காத ஆள் யாராவது இருக்கிறார்களா? நீ சொன்னாலும் அம்மாவைத் தெருவில் விட மாட்டேன்" என்று இரண்டாவது வரியையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த இடம் பாதுகாப்பில்லை என்றால் மற்ற எதையும் யோசிக்க வேண்டாம், அன்றே கூட்டிவந்துவிடுங்கள்.

பாதுகாப்பாக இருக்கிறது என்றால், பிரிப்பதைப் பற்றி நிதானமாக யோசியுங்கள். இரண்டாம் உலகப் போரின்போது 1939 செப்டம்பரில் லண்டன் போன்ற நகரங்களிலிருந்து லட்சக்கணக்கான பிள்ளைகளைக் குண்டுவீச்சுக்குப் பயந்து கிராமங்களுக்கு அனுப்பினார்கள். அந்தப் போர்க் காலத்தில் லண்டனில் குழந்தைகள் காப்பகம் நடத்திய அன்னா ஃப்ராய்டும் டோரதி பர்லிங்கமும் கவனித்துச் சொன்னது, தாயோடு குண்டுச் சத்தத்துக்கு நடுவே இருந்த குழந்தைகளைவிடப் பத்திரமான இடத்துக்குத் தாயைப் பிரிந்து போன குழந்தைகள் அதிகம் கலங்கிப்போனார்கள் என்பதுதான். உயிரைக் காக்க அனுப்பியதைத் தப்பென்று சொல்ல முடியாது. ஆனால் பிரிவுக்கும் ஒரு விலை உண்டு, அதைக் கணக்கில் சேர்க்காமல் முடிவெடுக்கக் கூடாது. 1989இல் ஐநா ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையும் இதையே சொல்கிறது. 9ஆவது பிரிவு, குழந்தையின் நலனுக்குத் தேவைப்பட்டால் ஒழியப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்கிறது. 12ஆவது பிரிவு, தன்னைப் பற்றிய முடிவுகளில் குழந்தையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்கிறது. சட்டத்தை நீட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. "அவனிடம் இன்னும் கேட்கவில்லை" என்று முதல் பதிவில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதற்காகச் சொல்கிறேன்.

பழையசாவி சொன்ன காவலைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளை பெற்றோராக மாறிவிடுகிற இந்த நிலைக்கு இவான் போசோர்மெனி நாட்ஜ் என்ற குடும்ப சிகிச்சையாளரும் ஜெரால்டின் ஸ்பார்க்கும் 1973இலேயே ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் பிள்ளை வேலை செய்வதே தப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஹவாயில் கவாய் என்ற தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் அவருடைய குழுவினரும் அவர்களுடைய நாற்பது வயது வரை பின்தொடர்ந்து பார்த்தார்கள். வறுமை, பெற்றோரின் நோய், குடும்பச் சிக்கல் என்று பல பாரங்களைச் சுமந்து வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் திடமான, அன்பான மனிதர்களாக ஆனார்கள். அவர்களிடம் பொதுவாகக் கண்டது, நம்பிப் பிடித்துக்கொள்ள ஒரு பெரியவராவது இருந்தார். அது தாத்தா பாட்டியாக இருக்கலாம், ஆசிரியராக இருக்கலாம், சித்தியாகவும் இருக்கலாம். அவர்களில் பலர் வீட்டில் பொறுப்பான வேலையும் செய்து வந்தவர்கள். ஆக, வேலை பிள்ளையை உடைப்பதில்லை. அளவு தெரியாத, முடிவில்லாத, யாரும் கண்டுகொள்ளாத வேலைதான் உடைக்கிறது. அந்தப் பாட்டில் கோட்டை அவனிடமே விட்டுவிடுங்கள். பகலில் செய்கிற வேலை அது, முடிந்தது என்று தெரிகிற வேலை. "நீ போட்ட கோடு அம்மாவுக்கு உதவுகிறது" என்று சொல்லுங்கள். ராத்திரிக் காவலை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கேள்விக்கு நிஜமான பதில் வேண்டும் என்று வெள்ளைக்குடை சொன்னாரே, அதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் முதலில் யாருக்குப் போன் செய்வது, அன்று பள்ளியிலிருந்து அவனை யார் கூட்டிப்போவது, அன்று ராத்திரி எங்கே படுப்பது, நீங்கள் எத்தனை மணி நேரத்தில் வந்து சேருவீர்கள். வாயால் சொன்னதைவிடத் தாளில் இருப்பதை அவன் நம்புவான், ஏற்கெனவே கோப்பு சுமக்கிறவன் அல்லவா.

மொட்டைமாடி:

எனக்கு 16 வயது. அம்மாவுக்குப் புற்றுநோய், நாங்கள் இப்போது மாமா வீட்டில் இருக்கிறோம். பெரியவர்கள் பேசும் இடத்தில் எழுதலாமா என்று தெரியவில்லை.

எல்லாரும் என்னிடம் அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்கிறார்கள். நான் எப்படி இருக்கிறேன் என்று யாரும் கேட்பதில்லை, கேட்டாலும் "நீதான் அம்மாவுக்குத் தைரியம் சொல்லணும்" என்று முடிக்கிறார்கள். எங்கள் பழைய வீட்டுச் சுவரில் என் உயரத்தைக் கோடு போட்டு வைத்திருந்தோம். அது அங்கேயே போய்விட்டது. அதற்காக நான் அழுதால் "அம்மா இப்படிக் கிடக்கும்போது சுவருக்கா அழுகிறாய்" என்கிறார்கள். வீடு போனதற்கு யாரும் துக்கம் கேட்க வருவதில்லை.

அந்தத் தம்பியிடம் பழைய வீட்டைப் பற்றிக் கேளுங்கள் அக்கா. எங்கே படுப்பான், ஜன்னலில் என்ன தெரியும் என்று. அவ்வளவுதான்.

பழையசாவி:

மொட்டைமாடி, நல்லவேளை எழுதினாய். நீ எப்படி இருக்கிறாய்? அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டாம், உன்னைப் பற்றிச் சொல். இங்கே எழுத விருப்பமில்லை என்றால் பள்ளியில் உனக்குப் பிடித்த ஆசிரியர் ஒருவரிடமாவது சொல்லம்மா. நீ தைரியம் சொல்ல வேண்டிய ஆள் இல்லை. உனக்கும் ஒருவர் தைரியம் சொல்ல வேண்டும்.

நான் இந்தப் பெயர் வைத்துக்கொண்டதற்குக் காரணம் எங்கள் பழைய வீட்டுச் சாவி. கிளம்பும்போது கொடுக்க மறந்தது, இன்னும் என்னிடம் இருக்கிறது. எனக்கு இப்போது நாற்பத்திரண்டு வயது.

மொட்டைமாடி:

உயிரியல் டீச்சரிடம் சொல்லலாம் என்று நினைக்கிறேன். திங்கட்கிழமை.

இரவுப்பறவை (மூன்று வாரம் கழித்து):

மறுபடி விடுமுறை கிடைக்க இத்தனை நாள் ஆகிவிட்டது. ஐந்து நாள் இருந்துவிட்டு நேற்றுத்தான் திரும்பினேன்.

முதல் நாளே அவனைத் தனியாகக் கூட்டிப்போய் ஆற்றோரம் சொன்னதைக் கேட்டேன். அங்கே யாரும் அவனை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் டயாலிசிஸ் நாட்களில் அம்மா வரும் வரை உள்ளே போகாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்திருக்கிறான், சில நாள் மூன்று மணி நேரம். "நம்ம வீடு இல்லல்ல சித்தி" என்றான். இப்போது அந்த நாட்களில் பள்ளியிலேயே இருந்து வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டு வர ஏற்பாடு செய்திருக்கிறோம். யாரிடம் சொல்லலாம் என்று கேட்டதும் யோசிக்காமல் ஓவிய ஆசிரியரின் பெயரைச் சொன்னான். அவரிடம் பேசினேன். நோட்டு வைக்க அவருடைய அலமாரியிலேயே ஒரு தட்டு ஒதுக்கித் தந்திருக்கிறார்.

டயாலிசிஸ் பிரிவுக்கு அவனைக் கூட்டிப்போனேன். வெள்ளைக்குடை, நீங்கள் சொன்ன மாதிரியே முன்கூட்டிப் பேசியிருந்தேன். நர்ஸ் அவனை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிவிட்டார். ரொம்ப நேரம் கேட்டான். அப்புறம், "இதைக் காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை அம்மாவே பார்ப்பாங்க. ராத்திரி முழுக்க முழிச்சிருக்கச் சொன்னது நான் இல்லை, யாரும் சொல்லலை. நீ தூங்கலாம்" என்றார். அவன் "நடுவுல நின்னுட்டா?" என்று கேட்டான். "காலையில அம்மா பார்ப்பாங்க, பார்த்ததும் எங்களுக்குப் போன் பண்ணுவாங்க, நாங்க பார்த்துக்குவோம்" என்று எண்ணை ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தார். தலையாட்டினான். நம்பினானா என்று எனக்குத் தெரியவில்லை.

சாகிற விஷயத்தையும் பேசினேன். நான் நினைத்ததைவிட அமைதியாகக் கேட்டுக்கொண்டான். அவன் கேட்ட ஒரே கேள்வி, மெஷின் ரிப்பேரானால் வேறு மெஷின் இருக்கிறதா என்பதுதான். நர்ஸையே கேட்டோம், இருக்கிறதாம்.

என்னோடு வருகிறாயா என்றும் கேட்டேன். "அம்மா வந்தா வரேன்" என்றான். சரி, அந்தப் பேச்சு இப்போதைக்கு முடிந்தது. ஆஸ்பத்திரி சமூகப்பணியாளரை அக்கா இரண்டு முறை பார்த்துவிட்டாள். எங்கள் ஊரில் டயாலிசிஸுக்கு இடம் கிடைக்குமா என்று நானும் விசாரித்து வருகிறேன், பெயர் பதிந்திருக்கிறேன். கிடைத்தால் இங்கே ஒரு சின்ன வீடு பார்க்க வேண்டும். அதெல்லாம் இன்னும் ஒன்றும் ஆகவில்லை. எழுதிக் கொடுத்த தாளை நான்காக மடித்துக் கோப்பில் முதல் பக்கத்தில் வைத்திருக்கிறான்.

மொட்டைமாடி, பழைய வீட்டைப் பற்றிக் கேட்டேன். ஒரு மணி நேரம் பேசினான். குளியலறைக் கதவு எப்படிக் கிறீச்சிடும் என்று வாயால் செய்துகாட்டினான். அக்கா சிரித்துவிட்டாள், அவள் சிரித்து நான் பார்த்து எத்தனை மாதம் ஆகிறது. நீ டீச்சரிடம் சொன்னாயா?

ராத்திரிகளைப் பற்றி. நர்ஸைப் பார்த்த அன்றும் எழுந்தான், இரண்டு தடவை. மறுநாள் அவன் படுக்கும் முன்பு அக்கா அவன் எதிரிலேயே தன் கையைத் தொட்டுப் பார்த்து, "இருக்குடா" என்றாள். அன்று ஒரு தடவை எழுந்தான். நான்காம் நாள் அவன் என்னைப் பார்த்து, "நீங்களும் பாருங்க சித்தி" என்றான். பார்த்தேன். தோலுக்கு அடியில் பூனை உறுமுகிற மாதிரி இருந்தது. இருக்கிறது என்றேன். ஷூவைக் கழற்றவில்லை, ஆனால் லேஸை அவிழ்த்துவிட்டுப் படுத்தான். நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். அன்று ராத்திரி அவன் எழுந்திருக்கவில்லை.